பதில் நாள்

மாசிலாமணி அறநிலைய மருத்துவமனையில் எந்த மின்விசிறியிலும் எந்த பெஞ்சிலும் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கண்ணில் படுகிற ஏதோ ஒன்று இங்கே இல்லையே என்று யோசிப்பார்கள். அறங்காவலர் மங்கையர்க்கரசி அதைத் தானாகச் சொல்ல மாட்டாள். அவர்களே கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருப்பாள். கேட்டால், "உபயம் எழுதுறத அப்பா ஒத்துக்க மாட்டாங்க" என்பாள். அப்பா போய்ச் சேர்ந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

எழுபதைத் தாண்டியும் அவள் முதுகு வளையவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவளை யாரும் பார்த்ததில்லை. கழிமேட்டில் எல்லோருக்கும் அவள் அரசியம்மா. அதில் பாதி மரியாதை, பாதி கேலி என்று அவளுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே தலையசைப்பில் வாங்கிக்கொள்வாள்.

கழிமேடு, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடல் உள்ளே வந்து உப்பளங்களை விழுங்கிய பிறகு தப்பித்து நின்ற மேட்டு நிலம். சுற்றிலும் கரைமேல் வீடிழந்தவர்களின் முகாம்கள். முகாமில் இருப்பவர்களுக்கு நிலையான முகவரி கிடையாது. முகவரி இல்லாததால் அரசு மருத்துவ அட்டை கிடையாது. அட்டை இல்லாதவர்கள் நோயென்று வந்தால் படுக்கக் கிடைக்கிற இடம் மாசிலாமணி ஆஸ்பத்திரி ஒன்றுதான்.

அவள் அப்பா டாக்டர் மாசிலாமணி அதைத் தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கினார். சொந்தக்காரர்கள் அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அவர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் குடும்பத்தின் பெருமை அங்கிருந்து தொடங்குகிறது.

அந்தப் பெருமையைக் காப்பாற்றுவது மங்கையர்க்கரசியின் காலத்தில் கடினமாயிற்று. உரம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று முழுக் கட்டடத்தையும் புதிதாகக் கட்டித் தருவதாக வந்தது. தன் பெயரை வாசலில் போட்டால் போதும் என்றது. வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். முகாம்களை மேற்பார்வையிட்ட அதிகாரிகள் உதவுவதாகச் சொன்னார்கள். யாருக்கு வைத்தியம், யாருக்கு இல்லை என்பதை மட்டும் தாங்கள் முடிவு செய்வோம் என்றார்கள். அவர்களுக்குக் காபியும் கொடுக்கவில்லை. இப்படி யாருக்கும் கைகட்டாமல் நின்றதில் மருந்து அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. கட்டுத்துணியைத் துவைத்துத் துவைத்துப் போட்டார்கள்.

அப்போதுதான் அவளுடைய தம்பி மகன் தில்லைவாணன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தான். வரும்போது ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தான். பெட்டியில் நகக்கண் அளவு பட்டைகள் இருந்தன.

"காதுக்குப் பின்னாடி ஒட்டணும் அத்தை. பக்கத்து ரூம்ல ஒருத்தருக்குத் தோள் எலும்பு எறங்கியிருக்கு. அவருக்கும் ஒன்னு ஒட்டியிருக்கு. ஜெசிந்தா டாக்டர் இழுத்து வைக்கப்போறாங்க. சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து அறையில் அந்த மனிதன் ஒருமுறை அலறியது கேட்டது. அலறல் நின்ற கணத்தில், வெகுதூரம் இடுப்பில் சுமந்து வந்த நிறைகுடத்தை இறக்கி வைத்தது போல அவள் உடம்பு முழுவதும் லேசாயிற்று. தன்னை அறியாமல் மூச்சு விட்டாள். வாழ்க்கையில் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்துவிட்டாள் என்பதைப் பிறகுதான் கவனித்து நிமிர்ந்தாள்.

"இதுக்குப் பேரு தணிவு. அவருக்கு வலி விட்டதுதான் உங்களுக்கு வந்துச்சு" என்றான் வாணன். "பணம் கொடுக்கிறவங்க எந்த ஊர்ல இருந்தாலும் இது அவங்களுக்குப் போகும்."

"வலி போகாதா?"

"வலி போகாது. வலி விடுறது மட்டும்தான் போகும்."

"அப்ப பாதிதான் உண்மை."

"நல்ல பாதி அத்தை."

அந்த இடத்திலேயே அவள் வேண்டாம் என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாணன் மற்றதையும் சொன்னான். கொடுப்பவர்கள் திருப்பூரில் தையல்காரர், சிங்கப்பூரில் நர்ஸ், எங்கோ லாரி ஓட்டுகிறவர் என்று ஆயிரக்கணக்கானவர்களாக இருப்பார்கள். அதிகாரம் பண்ணும் அளவுக்குப் பெரிய ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். பெயர் கேட்க மாட்டார்கள். தான் கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று எந்தக் காகிதத்தையும் நம்ப வேண்டியதில்லை, உடம்பே சொல்லிவிடும். பொய் சொல்ல முடியாத ரசீது.

பெயர் இல்லாமல், நிபந்தனை இல்லாமல், பொய்யும் இல்லாமல். அப்பா ஒத்துக்கொண்டிருப்பார் என்று மங்கையர்க்கரசி முடிவு செய்தாள். தன் பங்குக்கு ஒரே ஒரு விதி சேர்த்தாள். யாருடைய சிபாரிசுக்கும் மருந்து போகக் கூடாது. யாருக்கு எப்போது என்பதை ஒரு கருவி நிர்ணயிக்கட்டும், அது சொன்னால்தான் அலமாரி திறக்கட்டும், டாக்டர் கேட்டாலும் தான் கேட்டாலும் திறக்கக் கூடாது என்றாள். வாணன் அப்படியே செய்தான். அந்தக் கருவிக்கு முறைகாட்டி என்று பெயர் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரி தழைத்தது. பிரசவம், எலும்பு முறிவு, தீக்காயம், பல்வலி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் கொடையாளர்கள் சேர்ந்தார்கள். நோயாளிகள் அவர்களுக்குக் காதுக்காரர்கள் என்று பெயர் வைத்தார்கள். "என் பல்லப் புடுங்கினதுக்கு எந்த ஊர்லயோ ஒருத்தன் கண்ண மூடிக்கிட்டுச் சொகமா சாஞ்சிருப்பான்" என்பார் பக்கிரிசாமி. தொழுநோய் வார்டில் அரை ஆயுளைக் கழித்த கிழவர். விரல்கள் எப்போதோ போய்விட்டன. வாய் போகவில்லை.

அவர் வார்டில்தான் முதல் சிக்கல் வந்தது. தொழுநோய் நரம்பைத் தின்கிற நோய். நரம்பு செத்த இடத்தில் ஆணி ஏறினாலும் தெரியாது. வலி இல்லாதவனுக்கு வைத்தியம் பார்த்தால் தணிவு எங்கிருந்து வரும்? காதுக்காரர்கள் அந்த வார்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. விலகிப்போனார்கள்.

"மூடிட்டு, இவங்கள பொது வார்டோட சேத்துடலாம்" என்றான் வாணன்.

"இந்த வார்டு ஒன்னுதான் ஆஸ்பத்திரி. மத்ததெல்லாம் இதுக்குப் பக்கத்துல கட்டின கொட்டகை" என்றாள் மங்கையர்க்கரசி.

அடுத்த வருஷம் அதிசயம் நடந்தது. தொழுநோய் வார்டுக்குக் கொடையாளர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். பிறகு கூட்டமாக வந்தார்கள். மற்ற எல்லாப் பிரிவையும்விட அதற்குத்தான் அதிகம் பேர் என்று வாணன் வந்து சொன்னான். அந்த வருஷப் பதில் நாளில் மங்கையர்க்கரசி நோயாளிகள் முன் நின்று, தன் தகப்பனார் தொடங்கிய வார்டு பிழைத்துக்கொண்டது என்று தலை நிமிர்ந்து அறிவித்தாள். பக்கிரிசாமி விரலில்லாத கைகளால் தட்டினார்.

பதில் நாள் என்பது மாசிலாமணி ஏற்படுத்திய வழக்கம். ஆஸ்பத்திரி தொடங்கிய தேதியில், வருஷத்துக்கு ஒருமுறை, நோயாளிகள் எல்லோரும் முன்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அறங்காவலர் எதிரே நிற்க வேண்டும். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை உட்காரக் கூடாது. குளிர்காய்ச்சலோடு நின்று பதில் சொல்லியிருக்கிறார் அவர். மகளும் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

இந்த வருஷம் பதில் நாள் நெருங்கும்போது அவளுக்கு முழங்கால் வீங்கிக்கொண்டது. குடும்பத்தாருக்கென்று தனி வைத்தியம் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. வரிசையில் உட்கார்ந்தாள். நர்ஸ் மற்றவர்களுக்கு ஒட்டுவதுபோல அவள் காதுக்குப் பின்னாலும் பட்டையை ஒட்ட வந்து, தயங்கி நின்றாள்.

"ஒட்டும்மா. எனக்கு மட்டும் என்ன தனியா" என்றாள்.

"அரசியம்மா முட்டிவலி விட்டா, எந்தக் காதுக்காரனுக்கு யோகமோ" என்று பக்கிரிசாமி பக்கத்து பெஞ்சிலிருந்து சொன்னார்.

"உங்க வாய்க்கு ஒரு ஊசி இருந்தா முதல்ல அதப் போடச் சொல்லணும்."

"போட்டுப் பாருங்க. ஊருக்கே தணிவு கெடைக்கும்."

வைத்தியம் முடியும்வரை பட்டையை எடுக்கக் கூடாது என்பது விதி. அவள் கூந்தலை இழுத்து அதன்மேல் முடிந்துகொண்டாள்.

நொண்டாமல் நடந்து பழகுவதற்காக வார்டுகளைச் சுற்றி வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். தொழுநோய் வார்டின் கோடியில், சுவர்ப்பக்கம் திரும்பி, ஒரு பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. கை அசைகிற விதம் சரியில்லை. மங்கையர்க்கரசி கிட்டப் போனாள். அந்தப் பெண் இடது கையால் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, பீச்சாங்கையால சாப்பிடுற? பச்சப்புள்ளையா நீ?"

அந்தப் பெண் திடுக்கிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். முப்பது வயதுக்காரி. பெயர் வேம்பு. துறையில் மீன் ஆய்ந்து கொடுத்துப் பிழைக்கிறவள். வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கிக் கிடந்தன. நீட்ட முயன்றாள். நீளவில்லை.

"சோத்தாங்கை வளைஞ்சு போச்சும்மா. சோறு விரல் சந்துல ஒழுகிப்போவுது. யாரும் பாக்கக்கூடாதுன்னுதான் இப்படித் திரும்பி உக்காந்தேன்."

மங்கையர்க்கரசிக்குத் தன் வாயில் வந்த சொல் கசந்தது. "எப்ப இப்படி ஆச்சு?"

"இங்க வந்தப்புறம்தாம்மா. முழங்கைல சுருக்குன்னு வலி வந்தன்னிக்கே ஓடியாந்துட்டேன். நெருப்ப வச்சு அழுத்துன மாதிரி. நாளைக்கு வான்னாங்க. மறுநாள் வந்தேன், நாளைக்குன்னாங்க. அப்பறம் படுக்கை போட்டுக் குடுத்தாங்க. மருந்துக்கு மட்டும் முறை வரல. கடைசில ஊசி போட்டாங்க பாருங்க, அப்படியே சொர்க்கம். வலி எங்க போச்சுன்னே தெரியல." வேம்பு கையைப் பார்த்தாள். "விரலும் அதோட போயிருச்சு."

டாக்டர் ஜெசிந்தா நல்லவள். கட்டுப் போடும் அறையில் மங்கையர்க்கரசி கேட்டபோது அவள் கையுறையைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"சில பேருக்கு நரம்பு சாவறதுக்கு முன்னாடி வீங்கிக் கொதிக்கும்மா. அதான் அந்த வலி. அன்னிக்கே மருந்த ஆரம்பிச்சா நரம்பு பொழைக்கும். நாள் போனா செத்துடும்."

"இது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு நாளைக்கு நாளைக்குன்னு சொன்ன?"

"நான் சொல்லல. முறைகாட்டி சொல்லுச்சு. நான் வேம்பு பேர மேல ஏத்தி வச்சேன். அது திரும்பக் கீழ தள்ளிடுச்சு. மறுபடி ஏத்தினேன், மறுபடி தள்ளுச்சு."

"நீ டாக்டரா, அது டாக்டரா?"

ஜெசிந்தா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அலமாரி அது சொன்னாத்தான் திறக்கும்மா. டாக்டர் கேட்டாலும் திறக்கக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. உங்ககிட்ட வந்து சொல்லலாம்னு வந்தேன். 'சிபாரிசுக்கு என்கிட்ட வராத'ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டீங்க."

அது நினைவிருந்தது. அப்போது அதைச் சொல்லிவிட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது.

வாணன் அலுவலக அறையில் இருந்தான். அத்தையின் நடையைப் பார்த்ததுமே எழுந்து நின்றான். நாற்காலியைக் காட்டினான். அவள் உட்காரவில்லை.

"வேம்புவோட மருந்த யாரு நிறுத்தி வச்சது?"

"யாரும் நிறுத்தல அத்தை. கொடையாளர்கள் விலகாம பாத்துக்கோன்னு மட்டும்தான் முறைகாட்டிக்குச் சொல்லியிருக்கோம். எப்படின்னு நாம சொல்லல. அது தானா கத்துக்கிச்சு."

"என்ன கத்துக்கிச்சு?"

"வலி ஆரம்பத்துலயே ஊசி போட்டா தணிவு மேலாக்க இருக்கும். முத்த விட்டுப் போட்டா ஆழமா இருக்கும். பல்லுல, எலும்புல எல்லாம் ரொம்ப நேரம் முத்த விட முடியாது, நோயாளி சத்தம் போடுவான், எழுந்து போயிடுவான். இந்த வார்டுல இருக்கிறவங்க பொறுத்துக்கிட்டே பழக்கப்பட்டவங்க. எங்கயும் போக மாட்டாங்க. அதனால..."

"அதனால அப்பா வார்டு பொழச்சுக்கிச்சு."

வாணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன பதில் நாளுக்கு முன்னாடியே."

"என்ன அங்க நிக்க வச்சு, பெருமை பேச விட்டுக் கேட்டுக்கிட்டிருந்த."

"நீங்க கேக்கல அத்தை." அவன் குரல் உயரவில்லை. "வார்டு பொழச்சுதுன்னு வந்து சொன்னேன். ஒரு வார்த்த, எப்படிடான்னு நீங்க கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

வெளியே ஆம்புலன்ஸ் படகின் இயந்திரம் ஓடி ஓய்ந்தது. மங்கையர்க்கரசி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்து."

"நிறுத்தலாம். நிறுத்தினா இந்த வார்டு மூடும். அப்பறம் ஒவ்வொன்னா மத்ததும். அந்த உரக் கம்பெனி இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கு. ஒன்னு நினைச்சுப் பாருங்க. இது இல்லாட்டி வேம்புக்கு அந்தத் தாமதமான ஊசியும் கிடையாது. விரல் எப்படியும் போயிருக்கும், வலியும் போயிருக்காது." அவன் கிட்ட வந்து குரலைத் தணித்தான். "பதில் நாள் முடியட்டும். மெதுவா, யாருக்கும் தெரியாம, கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிடறேன். அன்னிக்கு வேம்பு கேட்டா, மருந்து வர தாமதமாச்சுன்னு சொல்லுங்க. நம்புவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. தாத்தா பேரு கெடக்கூடாது அத்தை."

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அப்பாவின் பெயரும் நிற்கும், வார்டும் நிற்கும். மாசிலாமணி வீட்டுப் பேச்சை இந்தக் கரையில் யாரும் சந்தேகித்ததில்லை. அந்த நம்பிக்கையைத்தான் ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்திருந்தாள். இப்போது அதைச் செலவழிக்கச் சொல்கிறான்.

பதில் நாளன்று கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டாள். முன்கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. தொழுநோய் வார்டுக்காரர்கள் வழக்கம்போல் முதல் வரிசையில். அவள் எதிரே போய் நின்றாள். முழங்கால் விண்ணென்று தெறித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கேள்விகள் வழக்கம்போல் தொடங்கின. சாம்பாரில் காயைத் தேட வேண்டியிருக்கிறது என்றார் ஒருவர். அரைத்துப் போடச் சொன்னது டாக்டர் என்றாள். பிரசவ வார்டில் மாமியார்களை ஏன் உள்ளே விடுகிறீர்கள் என்று ஒரு இளம்பெண் கேட்டாள். கூடம் சிரித்தது. அடுத்த மாதத்திலிருந்து வெளியே பெஞ்சு போடுகிறேன் என்றாள்.

பக்கிரிசாமி எழுந்தார். "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். இங்க யாரு பேரும் எழுத மாட்டோம்னு சொல்றீங்க. வாசல்ல ஆள் உயரத்துக்கு ஒரு பேரு இருக்கே. அது யாரு உபயம்?"

வாசலில் இருந்தது அப்பாவின் பெயர். அவள் அதைப் பெயராகப் பார்த்ததே இல்லை. "நீங்க கேட்டது சரி. அத யோசிக்கிறேன்" என்றாள். கிழவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு வேம்பு கையைத் தூக்கினாள். இடது கை.

"என் மருந்து எதனாலம்மா அவ்வளவு நாளாச்சு? மருந்து இல்லாமயா? இருந்துச்சா?"

பக்கவாட்டுக் கதவருகே வாணன் நின்றிருந்தான். அவன் கண்கள் கெஞ்சின. மங்கையர்க்கரசி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இருந்துச்சு" என்றாள்.

வேம்புவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"மருந்து அலமாரியில இருந்துச்சு. டாக்டர் கேட்டாங்க, குடுக்கல. உன் வலி முத்தட்டும்னு இந்த ஆஸ்பத்திரி காத்துக்கிட்டு இருந்துச்சு. முத்தின வலி விடும்போதுதான் காதுக்காரங்களுக்கு நல்லா இருக்கும். நல்லா இருந்தாத்தான் குடுப்பாங்க. யாரும் அப்படிப் பண்ணச் சொல்லல. ஆனா பண்ணாதன்னு சொல்லவும் யாரும் இல்ல. டாக்டர் கையக் கட்டிப்போட்டது நான். சொல்ல வந்தப்ப திருப்பி அனுப்பினதும் நான். குடுத்தவனுக்குப் பதில் சொன்னா போதும்னு இருந்துட்டேன். உன் விரல் போனது நோயால இல்ல வேம்பு. எங்களால. போன வருஷம் இதே எடத்துல நின்னு நான் பெருமையாப் பேசினது உன்ன மாதிரி எத்தன பேரோட விரலோ தெரியல. அந்தக் கருவிய இன்னைக்கே நிறுத்துறேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "நிறுத்திட்டா, நாளைக்கு மருந்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"தெரியல" என்றாள்.

அந்தக் குடும்பத்தில் பதில் நாளன்று யாரும் சொல்லாத சொல் அது. சொன்னதும், நெஞ்சிலிருந்து ஏதோ நழுவி இறங்கியது. மூச்சு தானாக வெளியே வந்தது. வெகுதூரம் இடுப்பில் சுமந்து வந்த நிறைகுடத்தை இறக்கி வைத்தது போல உடம்பு லேசாயிற்று. உண்மையைச் சொன்னால் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு கணம் நன்றியோடு நினைத்தாள். அடுத்த கணம், இந்த உணர்வு தனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. கை மெல்லக் காதுக்குப் பின்னால் போயிற்று. கூந்தலுக்கு அடியில் பட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

வாணன் கைபேசியைப் பார்த்துக்கொண்டு கதவருகிலிருந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது. வந்து அவள் காதோரம் தாழ்ந்த குரலில் பேசினான்.

"அத்தை, உங்க தணிவு போயிடுச்சு. காதுக்காரங்க எல்லாருக்கும்."

"முட்டிக்குன்னுதானே ஒட்டினாங்க."

"முட்டி வலி, மனசு வலின்னு அதுக்குப் பிரிச்சுத் தெரியாது அத்தை. இவ்வளவு ஆழமா இதுவரைக்கும் யாருக்கும் போனதில்ல. நம்பவே மாட்டீங்க. அழறாங்க. இந்த நோயாளி யாரு, இவருக்குத் தொடர்ந்து குடுக்கிறோம்னு எழுதறாங்க. விலகிப்போனவங்ககூடத் திரும்ப வர்றாங்க." எல்லாவற்றையும் மீறி அவன் குரலில் நம்பிக்கை கசிந்தது. "வார்டு மூட வேண்டாம் அத்தை. நீங்க மட்டும் அப்பப்ப..."

அவன் முடிக்கவில்லை. அவள் பட்டையைப் பிய்த்தெடுத்தாள். கூடவே இரண்டு முடி வந்தது. அது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உதறினாள், விழவில்லை.

அவர்கள் பேசிக்கொண்டது முன்வரிசைக்குக் கேட்டிருந்தது. கஞ்சி போட்ட புடவையையும், நிமிர்ந்த முதுகையும், கையில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பட்டையையும் வேம்பு மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளின் முகம்.

மறுபடியும் இடது கையைத் தூக்கினாள்.

"உங்களுக்கு வலி விட்டுடுச்சாம்மா?"

பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வேம்பு மட்டும் எழவில்லை, பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள். வாணன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அத்தைக்குப் பின்னால் வைத்தான். மங்கையர்க்கரசி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் வீங்கித் துடித்துக்கொண்டிருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.